இந்துமதி வயலின் மண்

முக்காணிப் பக்கம், தாமிரபரணி கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால், செல்லக்கனிக்கும் அவள் கொழுந்தன் மனைவி இந்துமதிக்கும் அடுத்தடுத்து வாழை. பாகம் பிரித்தபோது வயல் இரண்டானது. கிணறு மட்டும் பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஒரே தண்ணீர், ஒரே ரகக் கன்று. ஆனாலும் இந்த வருடம் செல்லக்கனியின் வாழை இலைகள் ஓரம் கருகின. இந்துமதியின் இலைகள் பளபளவென்று விரிந்து நின்றன.

செல்லக்கனிக்குச் சோறு இறங்கவில்லை.

"அவ என்னமோ பண்ணுதா. வாயத் தொறந்து சொல்லமாட்டா."

"போய்க் கேளேன் ஏளா," என்றார் கணவர் அய்யாக்குட்டி.

"நானா? அவகிட்டயா?"

கேட்பதற்குப் பதிலாக, இந்துமதி வெளியூர் போயிருந்த மதியம் அவள் வயலில் மண்ணும் இலையும் எடுத்தாள். தன் வயலிலும் எடுத்தாள். தூத்துக்குடியில் ஓர் ஆய்வகத்தில் இரண்டையும் கொடுத்து, "ரெண்டும் நம்மளுதுதான். மேலவயல், கீழவயல்," என்றாள். தன்னுடையதை மேலவயலாக்கினாள்.

ஆய்வகத்துப் பெண் ஜெனிலா அடுத்த வாரம் வரச்சொன்னாள். போனபோது மண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தாள். கரைத்து வடிகட்டிய மஞ்சள் நீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இந்துமதியின் மண் சீக்கிரமே செங்கல் நிறம் காட்டியது. செல்லக்கனியின் மண் நிறம் மாறாமல் சொட்டுகளைக் குடித்துக்கொண்டே இருந்தது.

"நம்ம மேலவயல்தான் கூட, என்னம்மா?" செல்லக்கனியின் முகம் வெகுநாளைக்குப் பிறகு மலர்ந்தது.

"கூடத்தான் அக்கா. ஆனா கூடுனது குளோரைடு. உப்புல இருக்கும்லா, அது. இலையிலயும் ஏறியிருக்கு. கீழவயலுக்கு எவ்வளவு பொட்டாஷ் உரம் போட்டீங்க?"

இந்துமதியின் வரப்பில் கிடக்கும் ஒற்றைக் காலிச் சாக்கைச் செல்லக்கனி பார்க்காத நாளில்லை. "ஒரு மூட்டை."

"மேலவயலுக்கு?"

"அவ ஒண்ணு போட்டா நான் மூணு போடுவேன்."

"எவ?"

செல்லக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெனிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நீங்க போட்ட பொட்டாஷ்லயே குளோரைடு இருக்கு. அதுதான் இலையக் கருக்குது. இனி அதப் போடாதீங்க. நல்ல தண்ணி நெறைய பாய்ச்சி வடியவிடுங்க. இப்படியே விட்டா குலை தேறாது."

தன் முறைத் தண்ணீர் அதற்குப் போதாது. இரண்டு நாள் மனத்துக்குள் மல்லுக்கட்டிவிட்டு, மோட்டார் ரூமுக்கு வெளியே இந்துமதியை மறித்தாள்.

"ஒரு வாரத்துக்கு உன் முறையையும் எனக்கு விடுதியா?"

"எடுத்துக்கோங்கக்கா. இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கொஞ்சம் பிகு செய்திருந்தால் செல்லக்கனிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் தண்ணீர் பாய்ந்தது. வரப்பில் வந்து நின்ற இந்துமதி, "அக்கா, அந்த மூலைக்கு ஏறவே இல்ல பாருங்க," என்றாள்.

"எனக்குத் தெரியும்ளா."

இந்துமதி வீட்டுக்குப் போகும்வரை செல்லக்கனி மண்வெட்டியை ஊன்றி நின்றாள். பிறகுதான் அந்த மூலைக்குத் தண்ணீரை வெட்டிவிட்டாள்.