நான் கீறிய ஆட்டுக்குட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. கிளிநொச்சியில், வட்டக்கச்சியைத் தாண்டி உள்ளே போனால் வயல்களுக்கு நடுவே வரும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் அப்போது இரண்டாம் வகுப்பு ஆசிரியை. என் ஊர் நெளுக்குளம். முதல் நியமனம். பள்ளிக்கூடத்துக்கு அருகிலேயே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

அந்த மாரியில் மழை விடாமல் பெய்து, குளம் நிரம்பி வான் பாய்ந்தது. வயலும் வீதியும் ஒன்றாகிவிட்டன. ஊர்ச் சனம் முழுவதும் வந்து தங்கியது எங்கள் பள்ளிக்கூடத்தில்தான். இரண்டு கிழமை. வெள்ளம் வடிந்து, சனம் வீடுகளுக்குத் திரும்பி, வகுப்பறைகளைக் கழுவித் துடைத்துப் பள்ளிக்கூடம் மறுபடி திறந்த முதல் நாள் காலையை என்னால் மறக்க முடியாது. வாசலில் ஒரே அழுகை. யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நனைந்த உடுப்போடு, பயத்தோடு, பசியோடு படுத்துக் கிடந்த அதே அறைக்குத்தானே நாங்கள் அவர்களைப் படிக்க வரச் சொன்னோம்.

என் வகுப்பில் ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி. வெள்ளம் வந்த அன்று அவளுடைய அம்மாவையும் கைக்குழந்தையையும் ஒரு வள்ளத்தில் ஏற்றினார்கள். இடம் போதாமல் அவளும் அப்பாவும் அடுத்த வள்ளத்தில் போனார்கள். இரண்டு வள்ளமும் இரண்டு பக்கம் போய்விட்டன. மறுநாள் பின்னேரம்தான் அவள் அம்மாவைக் கண்டாள். அதிலிருந்து அம்மாவின் சட்டையைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. தினமும் காலையில் வாசலில் அரை மணித்தியாலம் போராட்டம். அம்மா இடுப்பில் குழந்தையோடு நிற்பார். நான் ஒரு கையைப் பிடித்து இழுப்பேன். அவள் நிலத்தில் விழுந்து அழுவாள்.

ஏதாவது கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினால் பிள்ளைகளின் மனம் மாறும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாசிப்பு மூலையில் இருந்த புத்தகமெல்லாம் வெள்ளத்தில் ஊறி, காய வைத்தும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. டவுனுக்குப் போய்க் கடை கடையாகத் தேடினேன். மாதிரி வினாத்தாள் புத்தகங்கள்தான் அடுக்கி வைத்திருந்தார்கள். சரி, நானே செய்வோம் என்று பிறிஸ்டல் போட் அட்டையும் ஒரு பெட்டி பஸ்ரல் வண்ணக்கட்டியும் வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குக் கொஞ்சம் படம் கீற வரும்.

இரண்டு பின்னேரங்களில் புத்தகம் தயார். மழை விட்ட பிறகு பள்ளிக்கூடம் போகும் ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. வாசலுக்கு வந்ததும் அதற்கு அழுகை வருகிறது. உடனே புத்தகப் பையைத் திறக்கிறது, அழுகையைத் தூக்கி உள்ளே போடுகிறது, சர்ரென்று சிப்பை இழுத்து மூடுகிறது. பிறகு நாள் முழுவதும் அது அழவே இல்லை. பின்னேரம் தாய் ஆடு வந்து, "என்ர வீரக்குட்டி" என்று கொஞ்சுகிறது. அவ்வளவுதான் கதை. வண்ணமெல்லாம் தீட்டி, ரிப்பன் கோத்துக் கட்டி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு பெருமை.

அந்தப் பெருமை வீண் போகவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளைகளுக்குக் கதை அப்படிப் பிடித்துவிட்டது. அடுத்த நாளே வாசலில் வந்து நின்று, வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு விரலால் இழுத்து, "சர்ர்ர்" என்று மூடிக்காட்டிவிட்டு வகுப்புக்குள் ஓடினார்கள். நான்காம் நாள் அந்தப் பிள்ளையும் அம்மாவின் சட்டையை விட்டாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். அவளுடைய அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். புத்தகத்தை வலயக் கல்விக் கூட்டத்துக்கும் கொண்டுவரச் சொன்னார் அதிபர். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. அழாமல் வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவென்று நட்சத்திர ஸ்டிக்கர்கூட வாங்கி வைத்தேன்.

இரண்டாவது கிழமை, புதன்கிழமை. இடைவேளை முடிந்து எல்லாரும் வந்த பிறகு அவள் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தாள். மெதுவாக நடந்துபோய்த் தன் கதிரையில் இருந்தாள். முகம் வெளிறி, நெற்றி வியர்த்திருந்தது. கண்கள் முட்ட முட்டக் கண்ணீர். ஆனால் ஒரு சொட்டு வெளியே விழவில்லை. அம்மாவின் நினைவு வந்துவிட்டது, அதை அடக்குகிறாள் என்று நான் நினைத்தேன். பக்கத்தில் போய் அவள் புறங்கையில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டினேன்.

"கெட்டிக்காரி! ஆட்டுக்குட்டியை மாதிரியே இருக்கிறீங்கள்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் கரும்பலகைக்குத் திரும்பிக் கணக்கு எழுதத் தொடங்கினேன். அரை மணித்தியாலம் கணக்கு நடந்தது.

கணக்கு முடிந்து, கொப்பியைக் கொண்டு வரச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அவள் முறை வந்தபோது எழுந்தாள், ஓரடி வைத்தாள், அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஓடிப் போய்த் தூக்கினேன். வெள்ளத்தில் சப்பாத்தெல்லாம் போய்விட்டதால் அந்த நாட்களில் பிள்ளைகள் செருப்போடு வர அதிபர் அனுமதித்திருந்தார். அவளுடைய வலது காலில் செருப்பு வார் சதைக்குள் புதைந்து கிடந்தது. பாதம் கணுக்கால் வரை ஊதிக் கறுத்திருந்தது. பெருவிரலுக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி. அதிலிருந்து இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.

"என்ன பிள்ளை நடந்தது? சொல்லுங்கோ!" நான் கத்தியே விட்டேன்.

"தண்ணிப் பைப்படியில ஒண்டு கொத்தினது ரீச்சர்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு குழப்பம். இதைக்கூடவா கேட்கிறீர்கள் என்பது போல.

"நான் சிப்பை மூடிட்டன் ரீச்சர்."

அதற்குப் பிறகு என் கைகால் ஓடவில்லை. நல்லவேளை, அதிபர் நிதானமானவர். கயிறு கொண்டு ஓடி வந்தவர்களைத் தடுத்து, "கட்டாதேங்கோ, வெட்டாதேங்கோ, காலை மட்டும் அசைய விடாதேங்கோ" என்று சொல்லி, கரும்பலகைக்கு வைத்திருந்த நீட்டு அடிமட்டத்தைக் காலோடு வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றினார். மதியச் சாப்பாடு சமைக்க வரும் அம்மாவின் கணவர் ஓட்டோவோடு வெளியே நின்றார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஏறினேன். வெள்ளம் அரித்த வீதி. ஒவ்வொரு குழிக்கும் அவள் உடம்பு துள்ளும். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. "அழுங்கோ பிள்ளை, நோகுதெண்டா அழுங்கோ" என்று நான்தான் அழுதுகொண்டு போனேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். நான் ஒட்டிய நட்சத்திரத்தை உரித்துப் போட்டுவிட்டுத்தான் தாதி அந்தக் கையில் ஊசி ஏற்றினார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அவளுடைய இரத்தத்தை எடுத்து, மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

"இருபது நிமிசம் இதை ஆட்டப்படாது. இரத்தம் கட்டிபட்டா நல்லம்" என்றார்.

அந்த இருபது நிமிடமும் குழாயை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. நேரம் முடிந்ததும் தாதி அதை மெதுவாகச் சரித்தார். தண்ணீர் போல ஒரு பக்கத்துக்கு ஓடியது. டொக்டர் வேகமாக எழுந்தார். புடையன் பாம்பின் விஷம், இரத்தத்தை உறைய விடாது, உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். மருந்து ஏற்றினார்கள். இனிப் பின்னேரம் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

பிள்ளையின் அம்மா வந்த கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வயலிலிருந்து அப்படியே வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. அம்மா உள்ளே பிள்ளையோடு இருக்க, அப்பாவும் நானும் வெளியே கிடந்த மர வாங்கில் இருந்தோம். பாம்பு கொத்தியது யாருடைய பிழையும் இல்லை. பைப்படிப் பக்கத்தில் வெள்ளம் ஒதுக்கிய கல்லும் குப்பையும் கிடந்தன, அதற்குள் பாம்பு இருந்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். பிள்ளை சொன்ன அந்தச் சிப் கதை எனக்கு மட்டும்தான் விளங்கும். நான் பேசாமல் இருந்திருந்தால் அது யாருக்கும் தெரிய வந்திராது. அப்படி இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் அந்தச் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம் எழுதியது, அழக் கூடாது என்று படிப்பித்தது, வலியோடு இருந்த பிள்ளைக்கு நட்சத்திரம் ஒட்டியது, எல்லாம். அரை மணித்தியாலம் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தாள், நான் பார்க்கவில்லை என்றேன். அவர் ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் காலில் காய்ந்திருந்த சேற்றை விரலால் சுரண்டினார். பிறகு மெல்லச் சொன்னார். "வள்ளத்தில ஏத்தேக்க நானும் அதைத்தான் ரீச்சர் சொன்னனான். அழப்படாது, நீங்கள் அழுதா அம்மா பயந்து போவா எண்டு. பிள்ளை அதை உங்கட புத்தகத்தில மட்டும் படிக்கேல்ல." சொல்லிவிட்டு எழுந்து போனவர், இரண்டு பிளேன்ரீயோடு திரும்பி வந்தார். ஒன்றை என் கையில் தந்தார். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

பொழுதுபட்ட நேரம் தாதி திரும்ப இரத்தம் எடுத்தார். திரும்ப அந்த இருபது நிமிடம். இந்த முறை குழாயைச் சரித்தபோது ஒன்றும் ஓடவில்லை. தலைகீழாகவே பிடித்துக் காட்டினார். சிவப்பாக, அசையாமல், அடியில் பிடித்துக்கொண்டு நின்றது. "பயமில்லை இனி" என்றார். பிள்ளையின் அப்பா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். அப்படியொரு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

மூன்றாம் நாள் புத்தகத்தையும் பஸ்ரல் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து இருந்தாள். கால் வீக்கம் வற்றத் தொடங்கியிருந்தது. "ரீச்சர் இந்தக் கதையைப் பிழையா எழுதிப்போட்டன். கிழிச்சுப்போடுவமே?" என்று கேட்டேன்.

"வேண்டாம் ரீச்சர். ஆட்டுக்குட்டி பாவம்" என்றாள்.

பிறகு புத்தகத்தை வாங்கி, நீலப் பஸ்ரலை எடுத்து, ஆட்டுக்குட்டியின் கண்ணிலிருந்து கால் வரைக்கும் கோடு கோடாகக் கண்ணீர் கீறினாள். இரண்டு கண்ணுக்கும். புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் விடவில்லை.

"இனி ஆட்டுக்குட்டி என்ன செய்யும்?"

"ரீச்சரிட்டப் போய்ச் சொல்லும்."

"ரீச்சர் என்ன செய்வா?"

கொஞ்சம் யோசித்தாள். "முதல் பயப்பிடுவா. பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பழைய எழுத்துக்கு மேலே தாள் ஒட்டி, அவள் சொன்னதை அவள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன்.

அந்தப் புத்தகத்தை வகுப்பில் வாசிக்க முன், போன கதையில் ரீச்சர் பிழை விட்டுவிட்டேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கணக்கில் பிழை விடுவது போலத்தான் அவர்களுக்கு அது. ஆனால் அடுத்த நாள் வாசலில் திரும்பவும் அழுகை தொடங்கியது. "என்ன ரீச்சர், நல்லாத்தானே இருந்தவை" என்று அதிபர் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். நான் வாசற்படியில் அவர்களோடு இருந்துகொண்டேன். ஒருத்திக்கு மழை இருட்டைக் கண்டால் பயம். ஒருவனுக்கு வெள்ளத்தோடு போன நாய்க்குட்டியின் நினைவு. வேறு ஒருத்திக்கு வயிற்றுவலி, உண்மையான வயிற்றுவலி. அழுகை ஒரு மாதத்தில் தானாகக் குறைந்தது. பைப்படியையும் பெற்றோர் வந்து துப்புரவாக்கித் தந்தார்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். லேசாக நொண்டிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா திரும்பிப் போக அடி எடுத்து வைத்ததும், "அம்மா, போகாதேங்கோ!" என்று வீதி முழுக்கக் கேட்கும்படி வீரிட்டு அழுதாள். கன்னத்தில் கண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது. அம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தார். நான் அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவள் போல மூச்சு விட்டேன். பத்து நிமிடம் அவளை அணைத்துக்கொண்டு படியில் இருந்தேன். பிறகு அவளே கண்ணைத் துடைத்து, "இப்ப அழுதது காணும் ரீச்சர்" என்றாள். இருவரும் உள்ளே போனோம்.

இப்போது நான் என் ஊருக்கே மாற்றலாகி வந்துவிட்டேன். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்கு வாசிக்கவென்று அழகழகான புத்தகங்கள் இன்றைக்குக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் நான் முதலில் ஒரு தடவை தனியாக வாசிப்பேன். அதில் வரும் பிள்ளைக்குப் பயம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்கிறது என்று பார்ப்பேன். சொல்ல ஆள் இல்லாத புத்தகத்தை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வகுப்புக்குக் கொண்டு போவதில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் அழுகிற பிள்ளையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். சத்தம் போடாமல் வந்து தன் கதிரையில் இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில்தான் நான் முதலில் போய்க் குந்துகிறேன்.