எலிக்கே இன்னும் கொடுக்காத மருந்து

எத்தில் அசிடேட்டுக்கு நகப்பாலிஷ் வாசனை. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், எவ்வளவு துவைத்தாலும் என் சட்டையை விட்டு அது போகாது. ஊருக்குப் போக ஹட்டனில் பொகவந்தலாவை பஸ் ஏறினால், பக்கத்து சீட்காரர் என் விரல்களை ஒருமுறை பார்ப்பார், முகத்தை ஒருமுறை பார்ப்பார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

விளக்கம் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போன காலம் அது, நண்பர்களே...

ஊரில் அம்மா வேறு, "எங்க தம்பி புத்துநோய்க்கு மருந்து செய்றான்" என்று தேயிலைத் தோட்டத்து லயம் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தோட்டத்தில் புல்லுக்கு அடிப்பதும் மருந்துதான். "இவ்வளவு படிச்சிட்டு மருந்தடிக்கிற வேலையா தம்பி?" என்று, முதுகில் டாங்கியோடு நின்றபடியே கேட்டார் ஒருவர். என்னத்தைச் சொல்ல?

நான் செய்தது, ஒரு மூலக்கூற்றைப் படிப்படியாகக் கட்டிக்கொண்டு போவது. பாதி வழியில் குடுவையின் அடியில் பழுப்புப் பிசின் ஒட்டிக்கொள்ளும். பேராசிரியர் எட்டிப் பார்த்து "மறுபடி செய்" என்பார். மறுபடியும் பிசின். மாதக்கணக்காகப் பிசினைச் சுரண்டிக் கழுவுவதற்குப் பெயர் ஆராய்ச்சி. தப்பித்தவறி எல்லாப் படியும் தாண்டினால், குப்பியின் ஓரத்தில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற வெள்ளைத் தூள் கொஞ்சம் மிஞ்சும்.

அப்படியொரு நேரத்தில்தான் தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போய்ச் சொன்னார். அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, மார்பில் கட்டி. தீபாவளிக்கு முன்னாலேயே தோட்டத்து டாக்டர் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டாராம். போகவில்லை. தினமும் கொழுந்தெடுக்க மலைக்குத்தான் போகிறார். ஏன் என்று கேட்டால்... "மருமகன் மருந்து வரட்டும்" என்கிறாராம்.

நேரே அத்தை வீட்டுக்கு ஓடினேன். நான் படிக்கப் போன நாளிலிருந்து அத்தை என்னிடம் "நீங்க" போட்டுத்தான் பேசுவார். அதுவே எனக்கு எரிச்சல்.

"அத்தை, நான் செய்றது இன்னும் மருந்தே இல்ல. வெறும் தூள்."

"அந்தத் தூளையே கொஞ்சம் குடுங்க மருமகனே."

"எலிக்கே இன்னும் குடுக்கல அத்தை."

"எலிக்கு எதுக்குங்க? எனக்குக் குடுங்க."

என்னால் முடியவில்லை. கத்திவிட்டேன். "அது மருந்தாகி வர்ற வரைக்கும் நீங்க இருக்க மாட்டீங்க அத்தை." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். அப்புறம் மெதுவாக,

"அங்க எல்லாம் சிங்களத்துல கேப்பாங்களாமே... இந்த எடத்துல கட்டின்னு நா எப்புடிங்க சொல்லுவேன்?"

இதுதான் விஷயம். மருந்துமில்லை, மாயமுமில்லை. அங்கே போய்ச் சொல்ல பாஷை தெரியாமல், வீட்டு ஆண்களிடம் சொல்லவும் கூசி, அத்தனை நாளும் அந்தக் கட்டியோடு கூடை சுமந்திருக்கிறார்.

பொங்கல் முடிந்த மறுநாளே அத்தையைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிக் கூடவே போனேன். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் நிமிர்ந்து பார்த்ததும் நான் சொன்னேன், "நெந்தகே பப்புவே கெடியக் தியெனவா." அத்தைக்கு நெஞ்சில் கட்டி இருக்கிறது. அவ்வளவுதான். பொடியன்கள் கடையில் பேசுகிற சிங்களம்.

ஆபரேஷன் நடந்தது. அப்புறம் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள்.

"இது நீங்க செஞ்சதுங்களா?"

"இல்ல அத்தை. வேற யாரோ."

அத்தைக்கு முகம் வாடிப்போனது.

இன்றைக்கும் நல்ல சுகமாக இருக்கிறார். யார் கேட்டாலும் "எங்க மருமகன் மருந்து" என்றே சொல்கிறார். திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன். என் தூள் கடைசியில் எலியோடு நின்றுபோனது...

இப்போது எங்கள் லேபில் புதுப்புது மெஷின் எல்லாம் வந்துவிட்டது. பிசின் மட்டும் அதே பிசின். லயத்தில் வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன். ஆஸ்பத்திரியில் தமிழில் போர்டுகூட இருக்கிறது. போர்டு பேசாதே... இன்னமும் யாராவது கூப்பிடுகிறார்கள், "தம்பி, கிளினிக்குக்குக் கூட வர்றீங்களா?"

போன வாரமும் லீவு கேட்டேன். மேலதிகாரிக்குக் கோபம். புற்றுநோய் மருந்து வேலையைப் போட்டுவிட்டு அப்படி எங்கேதான் போகிறாய் என்று கேட்டார்.

வேலைக்குத்தான் என்றேன்.