தனகோட்டி கடைக் கண்ணாடியும் சனிக்கிழமைக் குரங்கும்

சாகிரா கண்ணாடி அறுக்கறப்ப யாரும் பேசக்கூடாது. பேசினா முறைப்பா. கட்டரை ஒரே இழுப்பா இழுத்து, மேசை ஓரத்துல வெச்சு ஒரு தட்டு தட்டுவா, அப்பளம் மாதிரி ரெண்டா வந்துடும். பக்கத்துல பூக்கடை வெச்சிருக்கற நான் அதைப் பார்த்துட்டே முழம் அளக்க மறந்துடுவேன்.

அவங்க அத்தா கரீம் பாய் கடையில சாமி படத்துக்குச் சட்டம் போட்டு, பீரோவுக்குக் கண்ணாடி மாட்டி வளர்ந்த பொண்ணு. இப்ப கடையே அவளுதுதான். ஆனா கட்டட முகப்பு வேலைன்னா மட்டும் செஞ்சியில ஒருத்தனும் கூப்பிட மாட்டான். "பொம்பள சாரத்துல ஏறுவாளா?"ன்னு கேப்பானுங்க. ஏறுவாடா. ஏறினதை நான் பார்த்திருக்கேன்.

எதிர்ல ஜவுளிக்கடை கட்டின தனகோட்டி அண்ணன்தான் முதல்முதல்ல நம்பிக் குடுத்தாரு. தரையிலருந்து மேல வரைக்கும் நீலக் கண்ணாடி போட்டா. வெளிய நின்னு பார்த்தா நம்ம முகம்தான் தெரியும், உள்ள இருக்கறவங்களுக்கு ரோடே தெரியும். கோட்டை மலை அதுல அப்படியே விழும். நாங்கள்லாம் அதுல பார்த்துதான் தலை சீவினோம். உள்ளேயிருந்து கடைப்பசங்க சிரிச்சானுங்களாம், சிரிக்கட்டும்!

வினை குரங்கு ரூபத்துல வந்துச்சு. தனகோட்டி அண்ணன் ஆஞ்சநேயர் பக்தர். சனிக்கிழமையானா கடை வாசல்லயே குரங்குகளுக்கு வாழைப்பழம் வைப்பாரு. கோட்டையிலருந்து இறங்கி வந்த தடியன் ஒண்ணு, கண்ணாடிக்குள்ள இன்னொரு தடியன் பழத்தோட நிக்கறதைப் பார்த்துடுச்சு. அவ்ளோதான். பல்லைக் காட்டிச்சு, அவனும் காட்டினான். ஓங்கி அறைஞ்சிச்சு, அவனும் அறைஞ்சான். சேலை எடுக்க வந்த பொம்பளைங்க அலறிக்கிட்டு ஓடினாங்க.

"இன்னாம்மா சாகிரா, கடை வெச்சேனா, குஸ்தி மேடை வெச்சேனா?"ன்னு கத்தினாரு அண்ணன். "அடுத்த சனிக்கிழமையும் இப்படி நடந்துச்சுன்னா கண்ணாடியைப் பேத்துட்டு ஷட்டர் போட்டுடுவேன்."

"பழத்தைப் பின்பக்கம் வெச்சுப் பாருங்கண்ணே."

"வாசல்ல வைக்கறதா வேண்டியிருக்கேன். மாத்த முடியாது."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தாளு தலையிலயே பழத்தை வைக்கணும்னு இருந்துச்சு. சாகிராவுக்குத் தன் கடைக்கு வந்து உக்காந்ததும் குரல் உடைஞ்சிடுச்சு. "அக்கா, இதைப் பேத்தா அப்புறம் எவன் எனக்கு வேலை குடுப்பான்? ஆயுசு முழுக்க பீரோக் கண்ணாடிதான்."

கண்ணாடியை மங்கலாக்கற வெள்ளை ஸ்டிக்கரை வாங்கி, ஆள் உயரத்துக்கு வெளிப்பக்கமா ஒட்டினா. ஆசை விடல அவளை. பூவும் கொடியுமா வெட்டி, நடுநடுவுல கண்ணாடி தெரியற மாதிரி விட்டா. அம்மாடி, என்ன அழகு! வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தடியன் சும்மா உலாத்த வந்துச்சு. ஒரு பூவோட நடுவுல ஒத்தைக் கண்ணு முறைக்கறதைப் பார்த்துடுச்சு. முன்னைவிட ரெண்டு அறை கூட விழுந்துச்சு.

"சனியனே!"ன்னு நான் செருப்பை வீசினேன். சாகிரா எல்லாத்தையும் கிழிச்செடுத்தா. இருட்டறதுக்குள்ள இண்டு இடுக்கு இல்லாம வெறும் வெள்ளையா ஒட்டி முடிச்சா. பூவையெல்லாம் மேல, குரங்குக்கு எட்டாத உயரத்துல கொண்டு போனா. நான்தான் ஏணியைப் புடிச்சேன்.

சனிக்கிழமை தெருவே நின்னு வேடிக்கை பார்த்துச்சு. அண்ணன் பழத்தை வெச்சிட்டு ஒதுங்கினாரு. தடியன் வந்துச்சு. நேரா கண்ணாடிகிட்ட போச்சு. மோந்து பார்த்துச்சு. நகத்தால சுரண்டிச்சு. சாகிரா என் கையைப் புடிச்ச புடியில வளையல் நெளிஞ்சிடுச்சு. எதிரி எங்கே போனான்னு தெரியாம அது ரெண்டு பக்கமும் எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் கண்ணாடியிலயே முதுகைச் சாய்ச்சு உக்காந்து பழத்தை உரிச்சுது.

தெருவே கைதட்டுச்சு. தனகோட்டி அண்ணன் தட்டுல மிச்சமிருந்த பழச் சீப்பைத் தூக்கிக்கிட்டு நேரா எங்ககிட்ட வந்தாரு.

"சாகிரா, மாடியும் எழுப்பப் போறேன். அந்த முகப்பும் நீதான் போடணும். வேற எவனையும் சாரத்துல ஏத்த மாட்டேன்."

அவ ஒரு பழத்தைப் பிச்சு வாயில வெச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டே தலையை மட்டும் ஆட்டினா.