சிறில் மொழிபெயர்த்த பாடம்

சிறிலை நான் முதன்முதலில் பார்த்தது எழுபத்தெட்டாம் ஆண்டு, அட்டனில் ஒரு பழைய தேயிலைக் களஞ்சியத்தில். மர மில்களில் மரம் அறுக்கும் வாளைத் தீட்டுகிறவர்களுக்கு அங்கே மூன்று மாதப் பயிற்சி நடந்தது. வந்திருந்த எல்லோருமே அதுவரை கண்ணால் பார்த்துக் கையால் பழகியவர்கள்தான். தேயிலைப் பெட்டிக்குப் பலகை அறுக்கும் டயகம மில்லொன்றிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். சிறில் வட்டகொடைப் பக்கம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன், முப்பதைத் தொட்டிருப்பான். மல்லியப்பூ சந்திக்குப் பக்கத்தில் ஓர் அறையை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்டோம்.

என்னை 'அழகா' என்று பேர் சொல்லிக் கூப்பிடுவான், ஆனால் அதிகம் பேசமாட்டான். ஞாயிறு பூசைக்குப் போவான், வந்து சட்டையைத் துவைத்துப் போடுவான். தன்னை மில்லில் சேர்த்துவிட்டது அக்கா புருசன் வியாகுலம் என்று ஒருநாள் சொன்னான். வாளுக்கு முன்னால் நின்று மரத்தைத் தள்ளி அறுக்கிறவர் வியாகுலம். மில்லில் அவரை விட்டால் அந்த வேலைக்கு ஆள் கிடையாது. போன வருடம் தவக்காலத்தில் வாள் அறுந்து வந்து அவர் கழுத்தில் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

"எப்படி அறுந்துச்சு?" என்று கேட்டேன்.

"தண்ணி போட்டுட்டு வந்து மரத்த வேகமா தள்ளிட்டாருன்னு மொதலாளி சொன்னாரு. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"நீ என்ன சொல்ற?"

"நான் அன்னைக்கி பின்னுக்கு இருந்தேன் அழகா. பாக்கல."

அந்த விபத்துக்குப் பிறகு அரசாங்கத் தொழில் கந்தோரிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, பயிற்சி இல்லாத ஆள் வாளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால்தான் சிறில் அட்டனுக்கு வந்தான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜயதிஸ்ஸ மாஸ்டர். மொறட்டுவைக்காரர், சிறிலைவிட இளையவர். நல்ல மனிதர், ஆனால் தமிழ் ஒரு சொல்லும் வராது. எங்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். சிறிலுக்கு நன்றாக வரும். முதல் நாளே மாஸ்டர் அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். தான் கொஞ்சம் சொல்லிவிட்டு, "தெமலென் கியன்ன" என்பார். சிறில் அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்வான். அழகாகச் சொல்வான். மாஸ்டர் விட்டதைக்கூடச் சேர்த்துச் சொல்வான்.

பட்டி வாள் என்பது இரண்டு பெரிய சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற நீளமான இரும்புப் பட்டி. ஓர் ஓரம் முழுக்கப் பல். முதலில் அதில் ஒட்டிய மரப் பிசினை டீசல் துணியால் துடைக்கப் பழகினோம். பிறகு அரம் பிடித்துத் தீட்டினோம். ஒரு பல்லை இந்தப் பக்கம், அடுத்த பல்லை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்துவிடப் பழகினோம். வாளில் வெடிப்பிருக்கிறதா என்று பார்க்க மாஸ்டர் ஒரு வழி காட்டினார். மண்ணெண்ணெய் பூசி, கொஞ்சம் பொறுத்து நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சோக்கட்டியைத் தேய்க்க வேண்டும். வெடிப்பிருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். எங்களுக்கு அது வித்தை மாதிரி இருந்தது. கண்ட இரும்பிலெல்லாம் பூசிப் பார்த்தோம்.

சுழன்று தீட்டும் எமரிக் கல்லைத் தொட்டது அதற்குப் பிறகுதான். அன்று மாஸ்டர் அறுந்துபோன வாள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலிருந்த குழிகளில் மயில் கழுத்து மாதிரி நீலம் படிந்திருந்தது. அதை விரலால் தொட்டுக்காட்டி மாஸ்டர் சொல்லச் சொல்ல, சிறில் தமிழில் சொன்னான்.

"கல்ல அழுத்திப் புடிச்சா இரும்பு சூடாகும். சூடு மிஞ்சுனா இந்த மாதிரி நீலம் பூக்கும். பாக்க வடிவா இருக்கும். ஆனா நீலம் பூத்த எடம் கண்ணாடி மாதிரி ஆயிரும், வளையாது. ஓடுற வாளு சக்கரத்துல ஏறி எறங்கும்போதெல்லாம் வளையணும். வளையாத எடத்துல மயிரு கணக்கா வெடிப்பு விழும். வெளியில தெரியாது..."

மாஸ்டர் அடுத்ததைச் சிங்களத்தில் சொன்னார். சிறில் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே சொல்றாரு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"தெமலென் கியன்ன, சிறில்," என்றார் மாஸ்டர்.

சிறில் மெதுவாகச் சொன்னான்: "வாளு அறுந்து ஆளு செத்தா, மரம் தள்ளுனவன கேக்காதீங்க. வாளு தீட்டுனவன் கைய பாருங்கன்னு சொல்றாரு."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அவன் சாக்கடைப் பக்கம் குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் முதுகைத் தடவினேன். வியாகுலத்தைக் கொன்ற வாளைத் தீட்டியது யாரென்று அவன் எனக்குச் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் சொன்னான். முன்பு வாள் பார்த்தவர் இந்தியாவுக்குப் போய்விட்டாராம். "நீ வீட்டுல கத்தி நல்லா தீட்டுறியே, இதையும் பாரு" என்று முதலாளி இவனை எமரிக் கல்லில் உட்காரவைத்தாராம். பழைய ஆள் பாதி நாள் எடுக்கும் வேலையை இவன் அழுத்திப் பிடித்து ஒரு மணித்தியாலத்தில் முடிப்பானாம்.

"நீலமா வந்தா நல்ல பதம்னு நெனச்சேன் அழகா. மச்சான் வந்து பாத்துட்டு, 'அடேயப்பா, மாப்ள வாளுக்குப் பூப்போட்டு குடுத்துருக்கான்'னு எல்லாருகிட்டயும் காட்டுனாரு."

வாள் அறுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம், மரத்துக்குள்ளே ஆணி கிடந்தாலும் அறும் என்று மாஸ்டரிடம் கேட்டுவந்து சொன்னேன். அது அவன் காதில் ஏறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. ஒரு போத்தலில் மண்ணெண்ணெயும் சோக்கட்டியும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு வட்டகொடைக்கு ரயிலேறினான்.

மில் பூட்டியிருந்தது. பின்பக்கம் மரத்தூள் குவியலுக்கருகில் அந்த வாள் துருப்பிடித்துக் கிடந்தது. ஆள் செத்த வாள் என்பதால் கத்தி அடிக்கக்கூட யாரும் அதை எடுக்கவில்லை. சிறில் மணலால் துருவைத் தேய்த்தான். எண்ணெய் பூசினான். பொறுத்துத் துடைத்தான். சோக்கட்டியைத் தேய்த்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

ஒரு குழியில் கோடு தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது. அறுந்த இடத்திலிருந்து எட்டும் தூரம்வரை அநேகமாக எல்லாக் குழியிலும் கறுப்புக் கோடு.

"ஆணி இல்ல," என்றான்.

அங்கிருந்து நேரே அக்கா சுகிர்தம் குடியிருந்த தோட்ட லயத்துக்குப் போனோம். ஒற்றைக் காம்பரா, அந்த ஓர் அறைதான் வீடு. சுவரில் வியாகுலத்தின் படம், பக்கத்தில் மாதா. சுகிர்தம் எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினாள். மகள் பெற்றீசியா கதவருகே நின்று மாமனைப் பார்த்துச் சிரித்தது. பத்து வயதிருக்கும். சிறில் கோப்பையைத் தொடவில்லை.

"அக்கா, மச்சான் குடிச்சிருக்கல."

"அது எனக்குத் தெரியாதா? தவக்காலத்துல அவரு தொடமாட்டாரு. அத நான் சொன்னா ஊருல எவன் கேக்குறான்?"

"மச்சான் மேல ஒரு பெழையும் இல்லக்கா. வாளுல வெடிப்பு இருந்துச்சு. நான் தீட்டுனதுல வந்த வெடிப்பு."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். வகுப்பில் சொன்னது போலவே, நிதானமாக, ஒன்றும் விடாமல். சொல்லி முடித்தபோது அடுப்பில் விறகு வெளியே சரிந்து புகைந்துகொண்டிருந்தது. யாரும் அதை உள்ளே தள்ளவில்லை.

பிறகு அவள் கேட்டாள்.

"ஒன்ன மொதலாளி கூப்புட்டு, அவரு குடிச்சிருந்தாரான்னு கேட்டாருல்ல. நீ என்னா சொன்ன?"

சிறில் தலைகுனிந்தான். "தெரியாதுன்னு சொன்னேன்."

"நீயும் நம்புன."

"அக்கா..."

"வாளு அறுந்தது ஒன் கையால. சரி, ஒனக்கு ஆரும் கத்துக் குடுக்கல, தெரியாம செஞ்ச. அத நான் எப்பிடியாவது பொறுத்துக்குவேன். ஆனா அவரு ஒன்ன கூடவே வச்சி சோறு போட்டாரே. அவரு எப்பிடிப்பட்ட ஆளுன்னு ஒனக்குத் தெரியாதா? எம்புள்ள பள்ளிக்கூடத்துல குடிகாரன் மகளுன்னு பேச்சு வாங்கிட்டு வருது. நீ கேட்டுக்கிட்டே இருந்தியே சிறிலு."

அவள் அழவில்லை. எங்கள் கோப்பைகளை எடுத்து வெளியே ஊற்றினாள். அதுதான் எங்களைப் போகச் சொன்னது.

அன்று இரவு சிறில் அட்டனுக்குத் திரும்பவில்லை. தோட்டத்திலேயே ஒரு கூட்டாளி வீட்டில் படுத்தோம். விடிந்ததும் பெரட்டுக் களத்துக்குப் போனான். கொழுந்துக்காரிகளும் செடி வெட்டும் கவ்வாத்து ஆட்களும் வேலை பிரித்துக்கொள்ளக் காலையில் கூடும் இடம் அது. கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக எல்லோரும் பனியில் நின்றார்கள். சுகிர்தமும் நின்றாள். பேர் வாசிக்கக் கணக்கப்பிள்ளை வாயெடுக்கும் முன்பே சிறில் முன்னால் போய்விட்டான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. எங்க மச்சான் வியாகுலம் அன்னைக்கி குடிச்சிருக்கல. மரத்தையும் தப்பா தள்ளல. வாள நான் சரியா தீட்டல. அதுலதான் அறுந்துச்சு. அவரு செத்தது என்னாலதான்."

கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்துவிட்டுப் பேர் வாசிக்க ஆரம்பித்தார். சுகிர்தம் தன் பேருக்கு "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தம்பியைத் திரும்பிப் பார்க்காமல் மலைக்கு ஏறினாள்.

பேச்சு அன்றைக்கே மில்லுக்குப் போய்விட்டது. முதலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"ஒன்ன படிக்க அனுப்புனது நான். நீ போயி எம் மில்லுல பெழன்னு ஊருக்கே சொல்லிட்டு வாறியா? நாளைக்கு பொலீசு வந்தா என்னையா புடிப்பான்? ஒன்னத்தான் புடிப்பான்."

"புடிக்கட்டும் மொதலாளி," என்றான் சிறில்.

பொலிஸ் வரவில்லை. வேலை போனது.

அவன் பயிற்சியை விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். அறையிலேயே சுருண்டு கிடந்தான். ஜயதிஸ்ஸ மாஸ்டர் விசாரித்துக்கொண்டு அறைக்கே வந்தார். நான் அரைகுறைச் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தானும் ஒரு வாளை நீலமாக்கியிருப்பதாகவும், அது அறும்போது முன்னால் ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றும் சொன்னார். இதை சிறில்தான் எனக்குத் தமிழில் சொன்னான். மறுநாள் வகுப்புக்கு வந்தான். மொழிபெயர்க்கும் வேலையை மட்டும் இன்னொருவனிடம் கொடுத்துவிட்டான்.

அடுத்த வருடம் சுகிர்தம் இந்தியாவுக்குப் போனாள். வியாகுலம் உயிரோடிருக்கும்போதே குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுத்தவர். சிறிலின் அப்பா இலங்கைக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அதனால் அக்கா ஒரு நாட்டுக்காரி, தம்பி ஒரு நாட்டுக்காரன். அந்தக் காலத்தில் எங்கள் மலையில் இது இல்லாத குடும்பம் குறைவு. வட்டகொடை ஸ்டேசனில் அன்று ரயிலைச் சுற்றி ஒரே அழுகுரல். ஒருவர் கழுத்தை ஒருவர் விடாமல் ஓலமிட்டுக்கொண்டிருந்தார்கள். சிறில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். பெற்றீசியா ஜன்னல் வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டது. சுகிர்தம் உள்ளே அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ரயில் நகரும்போது பிள்ளையின் கையை இழுத்து உள்ளே வைத்தாள். ஆபத்துக்குப் பயந்து இழுத்தாளா, கோபத்தில் இழுத்தாளா என்று சிறில் பிறகு பலமுறை என்னைக் கேட்டிருக்கிறான். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மில்லில் சொல்லி அவனை டயகமவுக்கு அழைத்துக்கொண்டேன். வாள் வேலை முழுக்க அவன் பொறுப்பு. ஒரு சின்னக் கோடு கண்டாலும் வாளைக் கழற்றிவிடுவான். மனேஜர் கத்துவார், அவன் பதில் பேசமாட்டான். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று வந்தது. வேண்டாமென்றுவிட்டான்.

எண்பத்துமூன்று தைமாதம், இந்தியாவில் கோத்தகிரிக்குப் போய் உறவினரைப் பார்த்துவந்த செல்லசாமி என்ற ஆள் மில்லுக்கு வந்தார். சுகிர்தம் அங்கேயும் கொழுந்துதான் எடுக்கிறாளாம்.

"என்னய பத்தி கேட்டுச்சா?" என்றான் சிறில்.

"கல்யாணம் கட்டிட்டானான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். வேற ஒண்ணும் கேக்கல."

சிறில் எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பலகை அடுக்கில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவளைப் போய்ப் பார்த்து வருவதென்று முடிவுசெய்தான். பாஸ்போட்டுக்கு அலைந்தான். அந்த வருடம் ஆடிக் கலவரத்தில் நாட்டில் நடந்தது நடந்தது. நாங்கள் வெளியே தலைகாட்டவே பயந்து கிடந்தோம். ஒருவழியாகப் பாஸ்போட் கைக்கு வந்து, தலைமன்னாருக்குப் புறப்பட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, இராமேஸ்வரத்துக்குக் கப்பல் நின்றுவிட்டது என்று றேடியோவில் சொன்னார்கள். விமானத்தில் போவதெல்லாம் எங்களுக்குக் கனவிலும் வராத காரியம்.

"மறுபடி விடுவாங்க, சிறிலு," என்றேன்.

"விடுவாங்க," என்றான்.

விடவில்லை. எண்பத்தேழில் மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி, நுவரெலியா ஆஸ்பத்திரியில் சிறில் இறந்துபோனான். அக்காவின் விலாசம் எங்களிடம் இல்லை, கோத்தகிரிக்கு எப்படிச் சொல்லியனுப்புவது என்று தெரியவில்லை. அங்கே போகிற ஆள் யாரும் அப்போது இல்லை. அகரப்பத்தனைப் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து டயகமவிலேயே அடக்கம் செய்தோம். அக்கா இடத்தில் நின்று மண் போட ஆளில்லாததால், என் மனைவி வேலாயி போட்டாள்.