பதினொரு முகங்களும் ஒரு காதும்

என் மாமா இப்போது ஓவியர். உப்புவெளிக் கடற்கரையில் விடுதி வைத்திருப்பவர்கள் சுவருக்குப் படம் வேண்டும் என்று அவரைத் தேடி வருகிறார்கள். யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டால், ஒருவரிடமும் இல்லை என்று அடக்கமாகச் சொல்வதுபோல் பெருமையடித்துக்கொள்வார். அவர் முதன்முதலில் ஆள் பார்த்துக் கீறிய பதினொரு முகங்களும் என் அலுமாரியில் இருக்கின்றன. எவர் கேட்டும் நான் கொடுத்ததில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் என்று மூன்று பேரும் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஒடுக்கமான ஒழுங்கையில் இருந்தோம். வள்ளங்களுக்குப் பெயரும் இலக்கமும் எழுதுவது மாமாவின் வேலை. எழுத்தில் சுழிப்பு வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மீனைத் தவிர உயிருள்ள எதையும் அவர் அதுவரை கீறியதில்லை. அந்த மீனும் எந்த வள்ளத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கும்.

அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. நான் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது சுனாமி வந்தது. காலையில் கரைக்குப் போயிருந்த அப்பாவைக் கொண்டுபோனது. வீட்டுக்குள்ளும் வந்து கலியாண அல்பத்தைக் கொண்டுபோனது. சண்டைக்காலத்துக் கலியாணம், எடுத்ததே ஏழெட்டுப் படம்தான். அப்பாவின் உடல் கிடைக்கவில்லை. என்னோடு படித்த ஒருத்தியின் வீட்டுச் சுவரில் அவளுடைய அப்பாவின் படம் பூமாலையோடு தொங்கியது. பக்கத்தில் சின்னதாக ஒரு நீல பல்ப் வேறு எரியும். எனக்கு அவள்மேல் தாங்கமுடியாத பொறாமை. எனக்கும் அப்படி ஓர் அப்பா வேண்டும் என்று மாமாவை அரித்தெடுத்தேன்.

மாமா கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், அம்மா சொல்லச் சொல்லக் கீறிப் பார்த்தார். ஓர் ஆள் வந்தார், ஆனால் அது எந்த ஆளும் இல்லை. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, மூக்கு சந்தியில் தைக்கிற நானாவின் மூக்கு மாதிரி இருக்கும் என்றார். மாமா பென்சிலை எடுத்துக்கொண்டு நேரே தையற்கடைக்குப் போனார்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இவர் கிண்ணியாக்காரர். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் ஆடாமல் அசையாமல் இருந்தார். பெருநாள் உடுப்பு வாங்க வந்த சனம் வாசலில் காத்து நின்றது. மூக்கை மட்டும் கீறினால் போதாதா என்று நான் கேட்டேன். முழு ஆளையும் கீறினால்தான் மூக்கு தன் இடத்தில் வந்து உட்காரும் என்றார் மாமா.

புருவத்துக்கு, ஓட்டோவில் பாணும் பணிசும் விற்கிறவர். தன் ஓட்டோவும் படத்தில் வரவேண்டும் என்று அடம்பிடித்து, அதையும் ஒரு மூலையில் வரவைத்தார். தாடைக்கு, மூதூர்ப் படகில் டிக்கற் கிழிப்பவர். சிரிப்பை அடக்கமாட்டாமல் நாலு தாளைப் பாழாக்கினார். நெற்றிக்கு, கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்ந்த கிளாக்கர். தன் நெற்றி அத்தனை பெரிதில்லை என்று அவருக்கு இன்றுவரை மனத்தாங்கல். ஒவ்வொரு படத்தையும் அம்மா பார்ப்பார். இது சரி என்பார், அது பிழை என்பார், இன்னொருவர் பெயரைச் சொல்வார். மாமா முகம் சுளிக்காமல் போவார்.

இப்போது அவற்றை வரிசையாகப் பரப்பினால் மாமாவின் கை ஏறி வந்தது தெரிகிறது. நானா பலகையில் செதுக்கியதுபோல் விறைத்துப்போய் இருக்கிறார். பதினோராவது ஆள், கண்ணுக்காகப் பிடித்த, மீன் சேர்க்கும் வாடியின் காவலாளி. நெருப்புப்பெட்டி இருக்கிறதா என்று இந்த நிமிடம் கேட்டுவிடுவார்போல் பார்க்கிறார். அந்தப் பதினொரு பேர்மேலும் எனக்கு உயிர். வேலையைப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு துண்டாக எனக்கு அப்பாவைத் தந்தவர்கள் அவர்கள்.

பன்னிரண்டாவது முகமாக அப்பா வந்தார்.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். மாமா படத்தைக் கதிரையில் சாத்திவைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா குசினிக்குள்ளிருந்து ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். கனநேரம் பார்த்தார். அடுப்பில் கறி கிடக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார்.

பிழை சொல்லாததால் சரிவந்துவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். முற்றத்து நந்தியாவட்டையில் பூப்பறித்து, ஊசியும் நூலும் தேடியெடுத்துக் கோத்து, கதிரையில் இருந்த அப்பாவுக்கு மாலை போட்டேன். பிறகு விளக்கு வைப்பதற்காக அம்மாவைச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

அம்மா வந்து பார்த்தார். என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. மாலையைக் கழற்றி எடுத்தார். என்னைப் பார்க்காமல் மாமாவிடம் சொன்னார்:

"காது அவர்ட காது இல்ல, தம்பி. இது வேற ஆரோ."

மாமா படத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ஓம் அக்கா. காது பிழைச்சுப்போச்சு. நான் வேற ஆளைப் பாக்கிறன்."

மறுநாள் பென்சிலும் தாளுமாகக் காது தேடிப் புறப்பட்டார். இறங்குதுறையில் போய் இருந்துவிட்டு, வெறுந்தாளோடு திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். சரியான காது கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னார். அவசரமில்லை, ஆறுதலாகத் தேடு என்றார் அம்மா.

எங்கள் வீடுகளில் செத்தவரின் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள். உடல் கிடைக்காத அப்பாவுக்கு எங்கள் வீட்டில் ஒரு திவசம்கூட நடந்ததில்லை. ஊர் என்ன கதைத்தாலும் அம்மா காலையில் முகம் கழுவியதும் பொட்டு வைத்துக்கொள்வார். படம் முடியாதவரைக்கும் அதற்கு ஒருவரும் மாலை போட ஏலாது. காது சரி என்று மட்டும் அம்மா ஒருநாளும் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது முதுகு எரிவது மட்டும்தான். கோபமெல்லாம் மாமாமேல். பதினொரு பேரைக் கீறிப் பழகியும் ஒரு காதை ஒழுங்காகக் கீறத் தெரியாத மனுசன் என்று, இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவே இல்லை.