ரெண்டாம் அளவு வாசித்த பாடம்

தெருவில் அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் நினைவில்லை. 'ரெண்டாம் அளவு' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட அந்தத் தையல் கடையைக் கை காட்டும்.

எந்தத் தையல்காரரும் ஒரு முறைதான் அளவு எடுப்பார். இவர் எடுத்து, நோட்டில் எழுதிவிட்டு, "கொஞ்சம் அப்படியே நில்லுங்க" என்பார். வேறொரு நாடாவை எடுத்து மறுபடியும் தோளிலிருந்து ஆரம்பிப்பார். முதல் நாடா இழுபட்டிருக்கலாம். நிற்பவர் வயிற்றை எக்கிக்கொண்டிருக்கலாம். எழுதிய கையே பொய் சொல்லியிருக்கலாம். யாரை நம்புவது?

"கல்யாணத்தன்னைக்கு எனக்குப் போட்ட மோதிரத்தையே கழட்டி ரெண்டாவது தடவை போட்டுப் பார்த்தவரு" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். "விரல் மாறிப்போச்சோன்னு சந்தேகமாம். நல்லவேளை, பொண்ணு மாறிப்போச்சோன்னு கேக்கல."

கடை எட்டடி அகலம். உள்ளே இரண்டு தையல் இயந்திரங்கள். ஒன்று ஓயாமல் ஓடும். மற்றது ஒன்பது வருடமாக உறை போட்டு மூடிக் கிடந்தது. அது அவருடைய தம்பியுடையது. அதைப்பற்றி யாராவது பேச்செடுத்தால் கத்தரிக்கோலின் சத்தம் மட்டும் வேகமாகும். கேட்டவர் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

தேவாலயத்தின் பீடத் துணிகள் எல்லாம் அவர் கையால் தைத்தவை. கிறிஸ்து பிறப்புக்கு முந்தின வருகைக்காலத்துக்கும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களுக்கும் ஊதா. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை. பெந்தெகொஸ்தே நாளுக்குச் சிவப்பு. மீதி நாளுக்கெல்லாம் பச்சை. காலம் மாறும் சனிக்கிழமைகளில் அவரே போய்ப் பழையதை மடித்துப் பெட்டியில் வைத்து, புதியதை விரிப்பார். நாட்காட்டி சொன்னால் போதாது. போதகரிடம் ஒரு முறை, டீச்சரிடம் ஒரு முறை நிறத்தைக் கேட்டுக்கொண்டுதான் பெட்டியைத் திறப்பார்.

அந்த டீச்சரிடமிருந்துதான் வினை ஆரம்பித்தது.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். ஒவ்வொரு ஞாயிறும் எந்த ஜெபம், எந்தப் பாட்டு, எந்த வேதபாடம், யார் வாசிப்பது என்று தாளில் அடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. வருகைக்காலத்துக்குச் சில நாள் முன்பு கடைக்கு வந்தார்.

"இந்த வருஷம் நீங்க பாடம் வாசிக்கணும். அஞ்சு பேர்ல ஒருத்தர் மாத்தலாகிப் போயிட்டார்."

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"குரல் நல்லா இருக்கே."

"இத்தனை வருஷமும் இதே குரல்தானே இருந்தது?"

"சரி, இத்தனை வருஷமும் ஆள் குறையலன்னு வெச்சுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். சிரித்துக்கொண்டே காரியம் முடிப்பவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும் என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

முதல் முறை வந்தது. வாசிக்க வேண்டிய பகுதி அச்சிட்ட சிறு தாளை டீச்சர் கொடுத்தார். இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று தீர்க்கதரிசி கண்டிக்கும் இடம். மறுநாள் சட்டை வாங்க வந்த பால்காரர், "உங்ககிட்ட எத்தனை அங்கி தேறும்?" என்றார். தையல்காரருக்குச் சுருக்கென்றது. தையல்காரனுக்குப் போய் அங்கிப் பாடமா? தற்செயலா?

இரண்டாவது முறை ஒரு கல்யாண வீட்டுப் பாடம். அதில் உள்குத்துத் தேடி இரண்டு நாள் முயன்று தோற்றார்.

மூன்றாவது முறைதான் நாக்கு ஒட்டிக்கொண்டது. சொந்தத் தம்பியை விற்றுவிட்ட அண்ணன்மார் அவன் எதிரிலேயே பேச்சற்று நிற்கும் இடம். தாளில் சிவப்புப் பென்சிலால் ஒரு குறி. அதுவும் சரியாக, தம்பி அழுகிற வரியின் ஓரத்தில்!

தையல்காரர் வாசித்தார். எழுத்துகள் முன்னே நின்றன. மனம் ஒன்பது வருடம் பின்னால் ஓடியது.

அது ஈஸ்டர் முடிந்த மாதம். பாடகர் குழுவினர் எட்டுப் பேர் புது அங்கிக்கு அளவு கொடுக்கக் கடையில் நின்றார்கள். அளவு நோட்டை எடுக்கப் போனால் காணோம். இருபது வருட வாடிக்கையாளர்களின் அளவெல்லாம் அதற்குள். அந்த வாரம்தான் எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு தையல் கடை திறந்திருந்தது. தம்பி அந்தக் கடைக்காரரோடு நின்று டீ குடித்ததை இவர் கண்ணால் பார்த்திருந்தார். போதாதா?

"நோட்டை எங்கடா கொண்டு போய்க் குடுத்தே? திருட்டுப் பயலே!" என்று எட்டுப் பேர் முன்னால் கேட்டுவிட்டார். தம்பி நாடாவைக் கழுத்திலிருந்து உருவி மேசைமேல் வைத்தான். அந்த வாரமே பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

விதி சும்மா இருக்குமா? அந்த மாதம் ஊதாத் துணி ஓரம் பிரிந்து கடைக்கு வந்திருந்தது. இவரே தைத்து, இவரே மடித்து, இவரே தேவாலயப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஊதாவுக்கு அடுத்த வேலை வருகைக்காலத்தில்தான். ஏழு மாதம் கழித்து, அந்தச் சனிக்கிழமை மத்தியானம் துணியை உதறினார். மடிப்புக்குள்ளிருந்து அளவு நோட்டு தொப்பென்று கால்மேல் விழுந்தது.

ஐயோ! அந்தக் கணமே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. ஊரைக் கூட்டித் திருடன் என்றவன், மறுபடி ஊரைக் கூட்டி, பொய்யன் நான்தான் என்பதா? நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பெட்டி இருந்த அறையில் அப்போது இன்னொருவரும் இருந்தார். முதுகைக் காட்டியபடி மெழுகுவர்த்திகளை வருகைக்கால இலை வளையத்தில் பொருத்திக்கொண்டிருந்தார் டீச்சர்.

பார்த்திருப்பாரா? ஒன்பது வருடம் அவரைத் தின்ற கேள்வி அது. இப்போது பதில் கிடைத்துவிட்டதாக அவர் முடிவு செய்தார். பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுக் காத்திருக்கிறார். பாடம் பாடமாகக் கொடுத்துக் கொல்கிறார்!

லெந்து நான்காம் ஞாயிறு சந்தேகம் உறுதியானது. ஓடிப்போன இளையவன் திரும்பி வர, மூத்தவன் வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும் பாடம். நடுவில் தலையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டாம் வரிசையில் டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக் கேட்பவர்களைத் தையல்காரர் எந்த நாளும் நம்பியதில்லை.

அடுத்த முறை ஈஸ்டர் மூன்றாம் ஞாயிறு. வியாழக்கிழமை மத்தியானமே தாள் வந்தது. கொலைவெறியோடு வந்தவன் கண் இழந்து கிடக்க, பயந்து பயந்து வந்த ஒருவர் அவன் தலையில் கை வைத்து, சகோதரனே என்று அழைக்கும் இடம். அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி.

இடுப்பில் குத்தியிருந்த ஊசியைக்கூட எடுக்காமல் கடையைச் சாத்தினார். தேவாலயத்தின் பக்கத்து அறையில் டீச்சர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு டீச்சர் இந்த விளையாட்டு?"

"எந்த விளையாட்டு? உட்காருங்க முதல்ல. வேர்த்துக் கொட்டுது."

"எனக்கு மட்டும் அண்ணன் தம்பி பாடமாப் பார்த்துப் பார்த்துப் போடறீங்களே, அது. ஓரத்துல சிவப்புக் கோடு வேற!"

டீச்சர் தாள்களை ஓரமாக வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்து வைத்தார். "இதைப் பாருங்க. அச்சடிச்சு வர்ற அட்டவணை. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தி வரும். அன்னைக்கு எத்தனையோ ஊர்ல, எத்தனையோ சபைல இதே பாடம்தான் வாசிப்பாங்க. அத்தனை பேரும் சேர்ந்து உங்களுக்கு எதிரா சதி பண்றாங்களா?"

"ஆள் போடறது நீங்கதானே?"

"அஞ்சு பேரு. பேரு குடுத்த வரிசை. அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை உங்க முறை. கணக்கு டீச்சர்ங்க நான், எனக்கு அவ்வளவுதான் தெரியும். சிவப்புக் குறி, அந்த இடத்துல நிறுத்தி வாசிங்கன்னு. எல்லாருக்கும்தான் போடறேன்."

தையல்காரர் புத்தகத்தை நம்பவில்லை. இரண்டாவது முறை பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அதே பாடம்தான். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"அப்போ ஊதாத் துணிக்குள்ள இருந்து நோட்டு விழுந்தப்ப நீங்க பார்க்கலையா? என் தம்பி எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியாதா?"

டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"எந்த நோட்டு?" என்றார் மெதுவாக.

வாசகர்களே, அந்த ஒரு கேள்வியில் தையல்காரரின் காலடித் தரை போய்விட்டது. ஒன்பது வருடம் பூட்டி வைத்ததைத் தன் வாயாலேயே, கேட்காதவரிடம், கொட்டிவிட்டார்!

"நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று நாற்காலியில் சரிந்தார்.

"சொல்ல மாட்டேன்."

"சொல்லிடுவீங்க."

"சொல்ல மாட்டேன்னு சொல்றேனே."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

டீச்சருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அப்போ ஒண்ணு பண்ணுங்க. நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சொல்லிடுங்க" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாரோ, வினையாகச் சொன்னாரோ. மனந்திரும்பித் தம்பியைத் தேடிப் போனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. டீச்சர் முந்திக்கொள்வாரோ என்ற சந்தேகத்தில்தான் வெள்ளிக்கிழமை முதல் பேருந்தைப் பிடித்தார்.

தம்பி பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருந்தான். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தவன், இவரைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றான். காதோரம் நரைத்திருந்தது.

"என்ன?" அண்ணன் என்ற வார்த்தை இல்லை.

"உன்கிட்ட பேசணும்."

"எதுக்கு? கடையை விக்கப் போறியா? கையெழுத்து வேணுமா?"

"இல்ல."

"உடம்புக்கு ஏதாவது வந்துடுச்சா?"

"இல்லடா."

"அப்போ என்ன கணக்கு? நீ சும்மா வர்ற ஆளா?"

வாழ்நாளெல்லாம் பிறர்மேல் பிடித்த நாடாவின் அடுத்த முனை எப்படி இருக்கும் என்று தையல்காரருக்கு அன்று தெரிந்தது. சொன்னார். நின்றபடியே, தரையைப் பார்த்தபடியே, எல்லாவற்றையும் சொன்னார்.

தம்பி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. அதைக் கையில் பிடித்தபடியே கேட்டான்.

"நோட்டு எப்போ கிடைச்சுது?"

"நீ போன அதே வருஷம். வருகைக்காலத்துக்கு முந்தின நாள்."

"அப்போ அம்மா உயிரோடதான இருந்தாங்க?"

"இருந்தாங்க."

"அவங்ககிட்டயாவது சொன்னியா?"

தையல்காரர் இல்லை என்று தலையை அசைத்தார்.

தம்பியின் முகம் கோணியது. "கடைசியா அம்மாவைப் பார்க்க வந்தேனே, என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? 'எடுத்திருந்தாக் குடுத்துடுடா, அண்ணன் மன்னிச்சிடுவான்'னாங்க. நான் எடுக்கலம்மான்னேன். சரிப்பான்னாங்க. நம்பாமலேயே சரிப்பான்னாங்க. அப்படியே போயிட்டாங்க."

தொழிற்சாலை மணி அடித்தது. தம்பி டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "எட்டுப் பேர் முன்னாடிதானே திருடன்னு சொன்னே? வர்ற ஞாயிறு அவங்க முன்னாடி போய்ச் சொல்லு. அப்புறம் வா." திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

அன்று மாலையே மனைவியிடம் சொன்னார். அவள் கத்தவில்லை. "என்னைக்கூட நம்பலையா நீங்க?" என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை போதகரிடம் போய், பாடம் முடிந்ததும் இரண்டு நிமிடம் பேச இடம் கேட்டார். போதகர் காரணம் கேட்காமல் தலையசைத்ததில்கூட அவருக்கு, டீச்சர் சொல்லிவிட்டாரோ என்று ஒரு நொடி தோன்றியது. பிறவிக்குணத்தை என்ன செய்வது!

ஞாயிறு. பீடத்தின்மேல் வெள்ளைத் துணி. தையல்காரர் பாடத்தை வாசித்தார். சிவப்புக் குறி வந்த இடத்தில் நிறுத்தினார். நிறுத்தியது நிறுத்தியதுதான், சபை நிமிர்ந்து பார்க்கும்வரை குரல் எழவில்லை. ஒருவழியாக முடித்தார். ஆனால் கீழே இறங்கவில்லை. பாடகர் குழு பக்கம் திரும்பினார். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் இன்னும் அங்கேதான் நின்றார்கள்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, உங்க முன்னாடி என் தம்பியைத் திருடன்னு சொன்னேன். அவன் திருடல. நோட்டை நான்தான் இந்தக் கோயில் துணியோட சேர்த்து மடிச்சு வெச்சுட்டேன். அது கிடைச்ச அப்புறமும் யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மாகிட்டகூட" என்றார். முன்வரிசையில் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் பார்த்தார். கடைசித் தூணுக்குப் பக்கத்தில், உட்காராமல், கையைக் கட்டிக்கொண்டு தம்பி நின்றிருந்தான். இவர் நிஜமாகவே சொல்கிறாரா என்று காதால் கேட்டுப் போக வந்திருந்தான். அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே!

ஆராதனை முடிந்து சபை கலைந்தது. எல்லோரும் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் நகர்ந்தார்கள். டீச்சர் யாரையும் நிற்கவிடாமல் வாசலை நோக்கி நடத்திக்கொண்டிருந்தார். தம்பி இவர் அருகில் வந்தான். கை நீட்டவில்லை.

"இன்னும் ஒருத்தர் பாக்கி" என்றான்.

இருவரும் முன்னும் பின்னுமாகத் தேவாலயத்தின் பின்புறக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அம்மாவின் கல்லறை சுவரோரம் இருந்தது. தையல்காரர் ஈர மண்ணில் முழங்காலிட்டார். "அம்மா, தம்பி எடுக்கலம்மா" என்று முணுமுணுத்தார். அழுகையில் வார்த்தை நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

தம்பி பின்னால் வந்து நின்றான். அவர் தோளில் ஒரு கை விழுந்தது.

"சத்தமாச் சொல்லுண்ணா" என்றான், உடைந்த குரலில். "அம்மாவுக்குக் காது மந்தம்."