ரெண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு

இது நடந்தது. நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பெருமாள்சாமியின் உள்ளங்கை ரெண்டையும் நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன். வடக்கயிறு உரித்த தழும்பு, குறுக்கே, விரல் தடிமனுக்குக் கிடக்கிறது. இட்டுக்கட்டின கதை கையில் தழும்பு போடாது. அவரோடு கிணறு வெட்டப் போன காலத்தில் அவர் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன்.

ஜப்பான் சண்டை நடந்த நேரம். சங்கரன்கோவிலைச் சுற்றி எங்கே கிணறு வெட்டினாலும் பெருமாள்சாமியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தங்கை வள்ளித்தாயின் புருசன் வெள்ளத்துரை அவருக்குக் கூட்டு வேலையாள். மாப்பிள்ளை கீழே இறங்குவான். மச்சான் மேலே கயிறு பிடிப்பார். வேறு எவன் கயிறு பிடித்தாலும் வெள்ளத்துரை இறங்கமாட்டான்.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆழத்திலிருந்து கத்தினால் பேச்சு சிதைந்துபோய்த்தான் மேலே வரும். அதனால் கடப்பாரையால் பாறையில் தட்டுவார்கள். ஆளுக்கு ஆள் தட்டு வேறு. வெள்ளத்துரைக்கு ரெண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. டங்... டங்... கொஞ்சம் பொறுத்து, டங். தட்டு கேட்டதும் மேலே நிற்கிறவன் கயிற்றை இறக்கணும். ஏன், எதுக்கு என்று கேட்கக்கூடாது. கீழே இருப்பது உயிர்.

அந்த வருசம் மானம் பார்த்த பூமியெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தார்கள். வெள்ளத்துரை பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

"துப்பாக்கி கிடையாது மச்சான். பர்மாப் பக்கம் ரோடு போடுத பட்டாளம். இங்கன வெட்டுத மண்ணை அங்கன வெட்டப் போறேன்."

"சண்டை நடக்குத எடம்லா மாப்ள?"

"சண்டை முன்னால, நாங்க பின்னால. மண்ணு நம்மள என்ன செய்யும்?"

வள்ளித்தாய் அப்போது முழுகாமல் இருந்தாள். "மண்ணு ஒண்ணும் செய்யாது. அங்கன யாரு பொங்கிப் போடுவா? எலும்பும் தோலுமாத்தான் வந்து நிப்பீரு," என்றாள்.

"பிள்ளைக்குப் பேரு வைக்க வந்திருவேன் ஏட்டி," என்று சிரித்துக்கொண்டே ரயில் ஏறினான். மெட்ராஸ் போய் அங்கிருந்து கப்பல். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. பாதை ஓரம் யார் வந்தாலும் வள்ளித்தாய் எழுந்து நின்று பார்ப்பாள்.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறியிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊருக்கு வடக்கே ஒரு சம்சாரியின் தோட்டத்து வறண்ட கிணற்றை ஆழப்படுத்துகிற வேலை. பெருமாள்சாமியோடு ராமசுப்பு, நல்லக்கண்ணு. மூன்றே பேர். கீழே சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெறும் பாறை.

காலையில் போனதுமே ஒன்று சரியில்லை. சகடை உருளையில் தொங்கின வடக்கயிறு நனைந்திருந்தது.

"எவம்லே இதைத் தண்ணியில போட்டது?"

"தண்ணி இருந்தா நாம ஏன் அண்ணாச்சி இங்கன வந்து சாவுதோம்?" என்றான் ராமசுப்பு.

சிரித்தார்கள். பிறகு கீழே வைத்திருந்த கடப்பாரையை நல்லக்கண்ணு மேலே கொண்டுவந்து காட்டினான். தினமும் கை பட்டுப் பளபளவென்று இருக்கிற கடப்பாரை. ஒரே ராத்திரியில் செக்கச்செவேலென்று துரு ஏறியிருந்தது. கிணற்றுக்குள் எண்ணெய் வாடை அடிக்கிறது என்றும் சொன்னான். மண்ணெண்ணெய் மாதிரி. ஆனால் மண்ணெண்ணெய் இல்லை.

வேலை ஓடியது. கோயிலில் உச்சிகால மணி அடித்தது. மூன்று பேரும் மேலே ஏறி, வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். ஆடிக்காற்று சட்டென்று நின்றது. ஒரு இலை அசையவில்லை.

அப்போது கேட்டது.

டங்... டங்...

பெருமாள்சாமி கையில் கூழ் அப்படியே நின்றது.

...டங்.

"நாம மூணு பேரும் இங்கன இருக்கோம்," என்றான் நல்லக்கண்ணு. "கீழ யாரு?"

அந்தத் தட்டு யாருடையது என்று பெருமாள்சாமிக்குத் தெரியும். ஓடிப்போய்க் கயிற்றை இறக்கினார். யோசிக்கவில்லை. கை பழகின பழக்கம் அது.

கயிறு கீழே போனது.

இறுகியது.

ஆள் பாரம்.

"பிடிங்கலே," என்றார். மூன்று பேரும் பிடித்து இழுத்தார்கள். சகடை கிறீச்சிட்டது. கீழே தண்ணீர் சொட்டுகிற சத்தம்... சொட்... சொட்... வறண்ட கிணற்றில். மேலே வந்த கயிறு கறுப்பாக, வழுவழுவென்று இருந்தது.

பாதிக் கிணறு ஏறியிருக்கும்.

உள்ளே யாரோ இருமினார்கள். தண்ணீர் குடித்தவன் இருமுகிற இருமல்.

ராமசுப்பு எட்டிப் பார்த்தான்.

என்ன பார்த்தான் என்று சாகிறவரை அவன் சொல்லவில்லை. கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். பின்னாலேயே நல்லக்கண்ணுவும் ஓடினான்.

பெருமாள்சாமி ஒற்றை ஆள்.

பிடித்தார்.

கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது...

தோல் போனது...

விட்டார்.

தொபீர் என்று சத்தம். தண்ணீரில் விழுந்த சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை. காற்று மறுபடி வீசியது. எட்டிப் பார்த்தார். வெயில் நேராக உள்ளே விழுந்தது. அடியில் காய்ந்த பாறை. கயிற்றை மேலே இழுத்தார். கனமே இல்லை. வெறும் முனையாக இறக்கின கயிறு, நுனியில் சுருக்குப் போட்டிருந்தது. அக்குளுக்கு அடியில் மாட்டிக்கொள்கிற சுருக்கு. கறுப்பு எண்ணெயோடு ஈரம் வழிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்பு.

வீட்டில் வள்ளித்தாய் மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டாள். கயிறு வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

"நல்லவேளை, கயித்துல ஆளு இல்ல," என்றாள் அவள். "அவுக தொங்கியிருந்தா, தோலு என்ன, கையே போனாலும் நீங்க விட்டிருக்க மாட்டீகண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

புரட்டாசியில் பையன் பிறந்தான். பேர் வைக்காமலே வைத்திருந்தாள். ரெண்டு வருசம். 'குட்டி' என்றுதான் கூப்பிட்டாள்.

சண்டை முடிந்த பிறகு ஒருநாள் நஜ்முதீன் தேடி வந்தார். நம்ம ஊர்க்காரர், வெள்ளத்துரையோடு பட்டாளத்தில் ஒரே கம்பெனியில் போனவர். ஒரு கால் தாங்கித் தாங்கி நடந்தார். வள்ளித்தாய் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"அவன் பர்மா மண்ணையே மிதிக்கல்ல அண்ணாச்சி," என்றார். "நடுக்கடல்லயே போச்சு. தண்ணிக்கு அடியில போற கப்பல்... சப்மெரின். யாரும் பாக்கல்ல. ஒரு இடி. அவ்வளவுதான். வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்க வாயக் கட்டிட்டாங்க."

அவரே தொடர்ந்தார். "என்னைத் தூக்கிக் கரை சேத்தாங்க. அங்க சண்டை பூரா மலையிலயும் சகதியிலயும்தான். ரோடு பாதியில நிக்கும். ஆளு வரல்ல. குண்டு வரல்ல. அரிசி வரல்ல. கேட்டா, கப்பல் லேட்டுன்னுவாங்க. ஜப்பான்காரனுக்கும் இதே கதிதானாம். அவன் அரிசிக் கப்பலை நம்ம சப்மெரின் முக்கிருச்சு. கரையில நின்னு செத்தவன் எவனும் அதைக் கண்ணால கண்டதில்ல."

"என்னைக்கு நடந்துச்சு?" என்றார் பெருமாள்சாமி.

"வெள்ளிக்கிழமை, உச்சி நேரம். ஜும்ஆ தொழுகையை நெனச்சுக்கிட்டு மேல்தளத்துல நின்னேன். நம்மூர்ல நேத்துக் கொடி ஏறியிருக்கும்னு வெள்ளத்துரை காலையிலதான் சொன்னான்."

பெருமாள்சாமி கைகளை மடக்கினார்.

"அவன் அடித்தட்டுல மாட்டிக்கிட்டான். கதவு நசுங்கிப்போச்சு. கப்பல் சாயுது. காத்துக்குழாயைப் பிடிச்சுத் தொங்குதேன். உள்ளருந்து இரும்புல தட்டுத சத்தம். ரெண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. குழாய் வழியா அவன் பேசினது கேட்டுச்சு. 'மச்சான் கயிறு போட்டுட்டாரு, கட்டிக்கிட்டேன், மேல போறேன்'னான். சிரிச்சான் அண்ணாச்சி. அங்க ஏது கயிறு..."

"பொறவு?" இதைக் கேட்டது வள்ளித்தாய்.

நஜ்முதீன் அவள் பக்கம் திரும்பினார்.

"பொறவு ஒரே வார்த்தைதான் தாயி. 'ஏன் மச்சான் விட்டீக'ன்னான்."

வள்ளித்தாய் அழவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் மடங்கிக் கிடந்த அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.